திங்கட்கிழமைக்காரிக்கு ஒரு பச்சை வண்டி

அன்பு மகள் பிம்முக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நாயும் சௌக்கியமாக இருக்கிறோம். அந்த டென்மார்க் குளிரில் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஊதுவத்தி ஏற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நாம் போனில் பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார், அவர் கதையை அவர் காதுபடவே எப்படிச் சொல்வது? அதோடு ஆபரேஷன் ஆன வலது கண்ணை வைத்து நானே எழுதிப் பார்க்கவும் ஆசையாக இருந்தது. தாளில் போட்ட கோடு தெரிகிறது, கோட்டின் மேலேதான் எழுதுகிறேன், நீயே பார்த்துக்கொள். ரொட்டியையும் காபியையும் வைத்துப் பொழுதை ஓட்டாதே, ஒரு வேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு, போன தடவை அனுப்பிய மிளகாய்த் துவையல் தீர்ந்துவிட்டால் சொல்.

மழைக்கு முன்னால் கூரைத் தகடு மாற்றினோம், கையில் இருந்தது அதோடு சரி. அது உனக்குத் தெரியும். தெரியாதது வண்டிக் கதை. நீ பிறப்பதற்கு முன்பே, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு ஜப்பான்காரரிடம் அப்பா வாங்கினாரே, இரண்டே பேர் உட்காரக்கூடிய அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார், அதன் சிவப்பு எனக்கு என்றைக்கும் ஆனதில்லை. திங்கட்கிழமை பிறந்தவளுக்குச் சிவப்பு ஆகாது என்று பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், உன் அப்பாவுக்கு மட்டும் வண்டியைப் பார்த்ததும் மறந்து போயிற்று. ஒரே ஒரு தடவை ஏறினேன். அன்றைக்கே பயூஹா பக்கத்தில் டயர் வெடித்து வயலில் போய் இறங்கியது. அதிலிருந்து அவர் காரில் போவார், நான் ஊர் ஆட்களை ஏற்றிப் போகும் வேனில் போவேன், இரண்டு பேரும் கல்யாண வீட்டு வாசலில் சந்தித்துக்கொள்வோம். ஊரே சிரித்தது, எனக்கொன்றும் நஷ்டமில்லை.

இந்தப் புதுவருஷத்துக்குப் பிறகுதான் நஷ்டம் வந்தது. இரண்டு கண்ணிலும் புரை. உன்னிடம் கொஞ்சம்தான் மங்கல் என்றேன், உண்மையில் எதிரே வருவது ஆளா வாழைமரமா என்று தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வேன் படியைத் தவறவிட்டு விழுந்தேன். இனி வேனில் ஏற மாட்டேன் என்று நகோன் சவான் ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்த தேதிக்குப் போகாமலே இருந்துவிட்டேன். மோட்டார் சைக்கிளில் போனால் ஆபரேஷன் ஆன கண்ணில் புழுதி படும், கூடாது என்றார்கள். மிச்சம் இருப்பது சிவப்பு வண்டி. கண்ணை அறுக்கப் போகிற அன்றைக்கா அதில் ஏறுவேன்? செத்தாலும் மாட்டேன் என்றேன். இன்னும் தள்ளிப் போட்டால் புரை கல்லாகிவிடும், அப்புறம் பார்வை வருவது சந்தேகம் என்று நர்ஸ் போனில் சொன்னாள். உன் அப்பா அதைக் கேட்டுவிட்டுப் போய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மறுநாள் காலையில் சோறு போடும்போது, “உனக்கு எந்தக் கலர் ஆகும்னு கேட்டுட்டு வந்துட்டேன். பச்சை. கோயில் பெரிய பிக்குவே சொன்னாரு” என்றார்.

பெயிண்ட் கடைக்குக் கொடுத்துச் செய்தால் வண்டி விலையைவிடக் கூலி அதிகமாகும். பக்கத்து வீட்டுத் தியாம் மாமாவை நினைவிருக்கிறதா, நம் ஊர்ப் பச்சை வேன்களுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பவன்? வேனுக்கு அடித்து மிஞ்சிய பச்சை அவனிடம் டப்பாக்களில் கிடந்தது, பாதி விலைக்குக் கொடுத்து கம்ப்ரசரையும் இரவல் தந்தான். ஆனால் அதற்கு முன்னால் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து நீட்டினானாம். வண்டிக் கலர் ஆகாதவர்கள் சாங்கியத்துக்கு ஊரில் பாதி வண்டியின் பின்னால் ஒட்டியிருப்பதுதான், “இந்த வண்டி பச்சை” என்று எழுதியது. “எதுக்கண்ணே இம்புட்டுப் பாடு? ஒரு கிண்ணம் நூடுல்ஸ் காசுதான். ஒட்டினா பச்சைதான்” என்றானாம். அதை ஒட்டினால் ஏறுவாயா என்று அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். “எதிர்ல நிக்கிற உங்க மூஞ்சியே தெரியல, என்கிட்ட எழுத்தைக் காட்டி ஏமாத்தப் பாக்குறீங்களா?” என்று கத்திவிட்டேன். அப்பா அந்த ஸ்டிக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உப்புத்தாள் வாங்கப் போனார்.

தேய்க்க ஆரம்பிப்பதற்கு முன்னால் முறைப்படி வண்டியில் குடியிருக்கும் காவல் தெய்வமான அம்மைக்கு மல்லிகைச் சரமும் சிவப்புச் சோடாவும் வைத்தார். “ஆத்தா, துணி மாத்தப் போறோம், கொஞ்ச நாளைக்குக் கூச்சப்படாம பொறுத்துக்க” என்று அவர் வேண்டியது என் காதில் விழுந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு மழைக்காலம் முழுவதும் இதே வேலை. தண்ணீர் ஊற்றித் தேய்ப்பார், பள்ளத்துக்குப் பட்டி வைப்பார், காய்ந்ததும் மறுபடி தேய்ப்பார். அந்தப் பழைய பெயிண்ட் வெயிலில் காய்ந்த தோல் போல உரிந்துகொண்டே இருந்ததாம். கண்ணாடிகளை மறைக்கத் தாள் வேண்டுமென்று உன் பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள்களை எடுத்து ஒட்டிவிட்டார், உன் கணக்கு மார்க்கைத் தெருவே நின்று படித்துவிட்டுப் போயிற்று, கோபித்துக்கொள்ளாதே. பூச்சி விழாமல் இருக்க வீட்டிலிருந்த கொசுவலை எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து வண்டிக்கு ஒரு கூடாரம் போட்டார். வண்டி வலைக்குள் நிம்மதியாக இருந்தது, நான் கொசுக்கடியில் கிடந்தேன். அப்படியும் ஒரு தட்டான் உள்ளே புகுந்து கூரையில் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்த இடத்தில் இன்னும் இறக்கை அடையாளம் இருக்கிறது.

இதில் ஒரு கூத்து. முதல் பூச்சுக்கு நாள் பார்த்துத் தருமாறு பெரிய பிக்குவைக் கேட்டிருக்கிறார். அவரும் நட்சத்திரம் பார்த்து ஒரு நல்ல நாள் கொடுத்தார், அவர் வானத்தின் நட்சத்திரத்தைத்தான் பார்ப்பார், மேகத்தையா பார்ப்பார்? அன்றைக்கு விடிந்ததிலிருந்து தூறல். தியாம் ஓடி வந்து, “அண்ணே, இன்னிக்கு வேணாம், காத்துல ஈரம் இருக்கு, பெயிண்ட் பூத்துரும்” என்று கெஞ்சினான். உன் அப்பா கேட்பாரா? “பிக்கு குடுத்த நாள்ல மழை பெஞ்சா அது ஆசீர்வாதம்டா” என்று அடித்துவிட்டார். சாயங்காலம் பார்த்தால் வண்டி முழுக்க அரிசி மாவைத் தூவினாற்போல வெள்ளை பூத்துவிட்டது. எனக்கே மங்கலாகத் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள். தியாம் ஒரு சிகரெட் பற்றவைத்துக்கொண்டு, “நல்லா ஆசீர்வாதம் பண்ணிருக்காருண்ணே” என்றான். அத்தனையையும் தேய்த்து எடுத்துவிட்டு வெயில் அடித்த ஒரு நாளில் மறுபடி அடித்தார். பாதிப் பெயிண்ட் அந்த ஆசீர்வாதத்திலேயே போய்விட்டது, மிச்சம் எங்கே வரைக்கும் எட்டியது என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. வேலை முடிந்து என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் வண்டியைத் தொடச் சொன்னார். கதவு அங்கங்கே ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருந்தது. கலர் எனக்குக் கலங்கல் குளம் போலத் தெரிந்தது, சிவப்பு இல்லை என்பது மட்டும் நிச்சயம். “முழுக்கப் பச்சைதானே?” என்றேன். “ம்” என்றார். நர்ஸுக்குப் போன் போட்டுப் புதுத் தேதி வாங்கச் சொன்னேன்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் எனக்கு இருந்த பயத்தை உன்னிடம் சொன்னால் என்ன. கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அப்பா கதவைத் திறந்து, உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் கதவு நிலை முழுக்க ஒரு பச்சைத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார். “உன் கைலியில கிரீஸ் பட்டுரக் கூடாதுன்னு” என்றார். கரிசனம் புதிதாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே குனிந்து ஏறினேன். எத்தனை தாழ்வு அந்த சீட், ரோட்டிலேயே உட்கார்ந்து போவது போல இருந்தது. டயர் வெடிக்கவில்லை. ஆபரேஷனும் நல்லபடியாக ஆயிற்று, வலியே தெரியவில்லை, ராத்திரி அங்கேயே படுக்க வைத்தார்கள். அப்பா வெளியே பெஞ்சில் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள் பிம். சுவரின் வெள்ளை வெள்ளையாக இருந்தது. நர்ஸின் காதில் தோடு தெரிந்தது. வாசலுக்கு வந்தால் வண்டி நிற்கிறது, பச்சையென்றால் பச்சை, நம் ஊர் வேன் பச்சை, பெயிண்ட் வழிந்த கோடெல்லாம்கூடத் தெரிகிறது. நான் பார்க்கிற சந்தோஷத்தில் நிற்க, அப்பா கதவைத் திறந்தார். உள்ளே கதவு நிலை முழுக்க, கதவின் ஓரம் முழுக்க, பளிச்சென்று சிவப்பு. துண்டு அவர் தோளில் கிடந்தது, ராத்திரி அதைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார், மறுபடி தொங்கவிட மறந்துவிட்டார். “என்னங்க, இது சிவப்பு” என்றேன். அவர் துண்டை எடுக்கப் போன கையை அப்படியே நிறுத்திவிட்டார். “பெயிண்ட் தீந்துபோச்சு பிம் அம்மா. வெளிய தெரியிற இடம் வரைக்கும்தான் வந்துச்சு. டின் வாங்கக் காசில்ல, உன் தேதி வேற வந்துருச்சு. வேணாம்னா சொல்லு, வேன் ஸ்டாண்டு அந்தப் பக்கம்தான், கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்” என்றார். ஏமாற்றுக்காரர் என்று திட்டத்தான் நிமிர்ந்தேன். நிமிர்ந்தால் அவர் முகம். எத்தனை மாதமாகப் பார்க்கவில்லை அந்த முகத்தை. தலை முழுக்க நரைத்துவிட்டது, கன்னம் ஒட்டிவிட்டது, கதவைப் பிடித்திருந்த விரல்களில் நகக்கண் எல்லாம் பச்சை. டாக்டர் அழக்கூடாது என்று சொல்லியிருந்தார், அழுகையை விழுங்கிக்கொண்டேன். நேற்று இதே சிவப்பைத் தாண்டித்தானே வந்தேன், கண் வந்துவிட்டதே என்று யோசித்துப் பார்த்து ஏறி உட்கார்ந்தேன்.

வழியில் காவ் லியாவ் சந்தைப் பக்கம் ஒரு கிழவி கத்தரிக்காய்க் கூடையோடு கை காட்டினாள். பச்சையைப் பார்த்து வேன் என்று நினைத்துவிட்டாள். உன் அப்பாவும் நிறுத்தினாரே! அவள் குனிந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “வேனை ஏன்ப்பா இம்புட்டுக் குட்டியாக்கிட்டாங்க? கூடையை எங்க வைக்கிறது?” என்று கேட்டாள். கண்ணுக்கு மேல் போட்டுவிட்ட பிளாஸ்டிக் மூடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உன் அப்பாவும் சிரித்தார், அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் சிரித்து எத்தனை காலம்.

இடது கண்ணுக்கு வருகிற திங்கட்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பாவுக்கு ஒரே கவலை, அதற்குள் இன்னொரு டின் வாங்கி உள்ளேயும் அடிக்க வேண்டும், படகு மோட்டாரை விற்கலாமா என்று தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார். நீ பணம் அனுப்புகிறேன் என்று கிளம்பாதே, அவர் வாங்க மாட்டார், எனக்குத்தான் திட்டு விழும். மோட்டார் போனால் மீன் ஏது? நேற்று மத்தியானம் அவர் தூங்கும்போது வேலியோரம் போய்த் தியாமைக் கூப்பிட்டு அந்த ஸ்டிக்கரைக் கேட்டேன். “அன்னைக்கே சொன்னேன்லக்கா” என்று பல்லைக் காட்டினான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. கொண்டுபோய்க் கதவைத் திறந்து, உள்ளே சிவப்பு நிலையின் மேல், நான் ஏறும்போது கண்ணில் படுகிற இடத்தில் நேராக ஒட்டினேன். “இந்த வண்டி பச்சை.” இன்றைக்குக் காலையில் வண்டியைத் துடைக்கப் போனவர் கதவைத் திறந்து குனிந்து அதைப் படித்தார். பிறகு ஸ்டிக்கரைச் சுற்றி மெதுவாகத் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே வந்து என் தட்டில் பெரிய மீனாகப் பார்த்து எடுத்து வைத்தார். படகு மோட்டாரைப் பற்றிப் பேச்சே இல்லை.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், நாங்கள் கும்பிடும் தெய்வமெல்லாம் அந்தப் பனி தேசத்திலும் உனக்குத் துணை வரட்டும். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. இன்னொன்று, மறந்துவிடாதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா உனக்கு வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார், முழுக்கப் பச்சை என்பார். நன்றாக இருக்கிறது என்று சொல். கதவைத் திறந்து காட்டச் சொல்லாதே.

இப்படிக்கு,
கண் தெரிகிற உன் அம்மா,
லமூல்