சூரியன்ல ஆயில் கறை

விஜி புள்ள,

நம்ம டெலஸ்கோப்ப ஸ்கூலுக்குள்ளயே விட்டுட்டாங்க புள்ள, அதும் எட்டாவது சயின்ஸ் பீரியட்லயே!

டெலஸ்கோப் வழியா வெள்ள பனியன் துணியில சூரியனை விழ வெச்சேன். சூரியன்ல இருந்த கரும்புள்ளியப் பாத்ததும் ஒரு புள்ள, "அக்கா, துணி டேமேஜுங்க, ஆயில் கறை"ன்னா. அவங்கம்மா பனியன் கம்பெனில டேமேஜ் பாக்கற செக்கிங்காம். தேச்சுப் பாத்தா, போகல. துணிய நகத்துனா, கறை மட்டும் சூரியன்லயே நிக்குது. "ஏனுங்க்கா, அப்ப சூரியன்தான் டேமேஜா?"ன்னு கத்துனா பாரு! நாம பாத்த எந்த யூடியூப்லயும் இது இல்ல.

மாசாமாசம் வரச் சொல்றாங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு அப்படியே போனேன், நிக்கவே முடியல. இனி ஒத்தையா ஆகாது புள்ள, வரலைன்னு சொல்லிரலாம்னு இருக்கேன்.

நீ எல்லாத்துலயும் பிளாக் பண்ணிட்ட, அதான் காயிதத்துல எழுதறேன். ஏன்னு கேக்கல. அடுத்த மாசம் கூட வர்றியான்னு மட்டும் சொல்லு.

உன் டெலஸ்கோப்புக் கூட்டாளி