இடக் காதின் இரைச்சல்

மார்ச் 4
இடது காதில் மறுபடியும் உஸ்... உஸ்... மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே அடிக்கின்றன. ஏழு வாரமாகிறது. இன்று நீதிமன்றத்தில் வக்கீல் சொன்ன ஒரு வரியையே தட்டச்சு செய்யாமல் விட்டுவிட்டேன். “கவனம் எங்கம்மா இருக்கு?” என்றார் நீதிபதி. காதுக்குள்ளதான் ஐயா, வேறெங்க!

மார்ச் 11
காது டாக்டர் குரும்பி எடுத்தார். “சரியாப் போயிடும்.” போகவில்லை.

மார்ச் 26
இரண்டாவது டாக்டர். தலை ஸ்கேனில் ஒன்றுமில்லையாம். “நாற்பத்தாறு வயசு, கொஞ்சம் டென்ஷன்” என்று தூக்க மாத்திரை எழுதினார். அதையும் என்னிடம் சொல்லவில்லை, என் கணவரிடம் சொன்னார். இந்த மனுஷனும் தலையாட்டுகிறார்!

ஏப்ரல் 2
வீட்டில் சண்டை. எல்லாம் என் மனசுதானாம். காதுக்குப் பின்னால எலும்புகிட்ட அழுத்தினா சத்தம் குறையுது, கையை எடுத்தா வருது. மனசை விரலால அமுக்க முடியுமா? கேட்டேன். கணவர் அந்தத் தூக்க மாத்திரையை எடுத்து நீட்டுறார். எனக்கே பயமா இருக்கு — புத்திதான் பிசகிப்போச்சோ?

ஏப்ரல் 17
தங்கை இழுத்துக்கொண்டு போனாள், ஒரு நரம்பியல் டாக்டரம்மாவிடம். விரலால் அழுத்தும் கதையைச் சொன்னதும் அவர் மின்விசிறியை நிறுத்தினார். ஸ்டெதாஸ்கோப்பை என் காதுக்குப் பின்னால் வைத்தார்.
“எனக்கும் கேக்குதும்மா.”
அங்கேயே அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 24
தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். மூளையின் உறையில் தமனி ஒன்று நேராகப் போய்ச் சிரையில் சேர்ந்திருக்கிறது. “அவ்வளவு வேகத்தைச் சிரை தாங்காது. ரத்தம் மூளைப் பக்கமாத் திரும்புது. விட்டா ஒருநாள் கசியலாம்” என்றார் டாக்டரம்மா.
இதுக்கா தூக்க மாத்திரை!

மே 6
மறுபடியும் குழாய். இந்தத் தடவை பசை மாதிரி ஒன்றை விட்டு அந்த இணைப்பை அடைத்தார்கள். நான்கு மணி நேரம். கண் விழித்ததும் காதைத்தான் கவனித்தேன் — உஸ். மெலிதாக, ஆனால் இருக்கிறது. இரண்டு கிளை பாக்கியாம். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.
“உன்னை நம்பியிருக்கணும்” என்றார் கணவர்.
“இப்ப ஒண்ணும் பேசாதீங்க.”

மே 29
இரண்டாம் முறை பசை. முழுக்க அடைபட்டுவிட்டது என்கிறார்கள். சொல்லட்டும், பார்க்கலாம்.

ஜூன் 8
மத்தியானம் வீட்டில் தனியாகப் படுத்திருந்தேன். மாடி வீட்டுக் குழாய் சொட்டுகிறது. சொட்... சொட்... ஒரே எரிச்சல். போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். இரண்டு சொட்டுக்கு நடுவில் காதில் உஸ் இல்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.