மண்டகப்படி அடுக்களை

டிசம்பர் 1, திங்கள்

நாளிதழில் வந்திருப்பது தவறு. 'தன் வீட்டையே வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குத் திறந்துவிட்ட எண்பது வயதுத் தாய்' என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். எனக்கு எழுபத்தாறு. என் வீட்டை நான் யாருக்கும் திறக்கவில்லை. திறந்தது குற்றாலம் ரோட்டில் இருக்கும் எங்கள் வகையறா மண்டபத்தை. என் வீட்டுக்காரர் காலமான பிறகு அதன் சாவி என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். சிற்றாற்று வெள்ளத்தில் கரையோரக் காலனி வீடுகள் போன அன்று அதிகாரிகள் கேட்டார்கள். கொடுத்தேன்.

கான்வென்டில் படித்த நாளிலிருந்தே தவறைக் கண்டால் சிவப்பு மை எடுக்கும் பழக்கம். திருத்தி நாளிதழுக்கு அனுப்பிவிட்டேன்.

அடுக்களையை மட்டும் பூட்டி வைத்திருக்கிறேன். திருவாதிரைத் திருவிழாவில் நாலாம் நாள் உபயம் எங்களுடையது, எங்கள் மண்டகப்படி. சுவாமிக்குப் படைக்கும் பொங்கல் அந்த அடுக்களையில், அந்த உருளிகளில்தான் ஆகும். தங்க வந்திருக்கும் இவர்கள் பின்புறம் தார்ப்பாய் கட்டிச் சமைத்துக்கொள்ளட்டும். சுத்தம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

டிசம்பர் 3, புதன்

மழை விடவில்லை. மின்கம்பம் சரிசெய்ய ஆட்கள் வந்திருக்கிறார்கள், காபி போட வேண்டும் என்று முத்துகுமரன் அடுக்களைச் சாவி கேட்டான். என் கொழுந்தன் மகன். மண்டபக் கமிட்டிக்குச் செயலாளர். வந்தவர்களில் இரண்டு பேர் நம் உறவு. கொடுத்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் கிழித்துக்கொண்டு கொட்டியதாம். கஞ்சி அண்டா சரிந்து, சமைத்துக்கொண்டிருந்த ஆனந்தவள்ளிக்கு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. சீசனில் அருவிக்குப் போகும் வழியில் மங்குஸ்தான் விற்பவள். நான்கூட வாங்கியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. டிரைவர் வரவில்லை. வந்திருந்தால் போயிருப்பேனா?

டிசம்பர் 6, சனி

உமாராணி என்ற பெண் வந்தாள். ஆனந்தவள்ளியின் அக்கா மகள். தென்காசி கோர்ட்டில் வக்கீல். உட்காரச் சொன்னேன். காபி கொண்டுவர உள்ளே திரும்பினேன்.

"டம்ளர் தேட வேண்டாம் மேடம். நான் தண்ணி பாட்டில் கொண்டாந்திருக்கேன்."

முகத்தில் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது.

"அடுக்களையில மூணு கேஸ் அடுப்பு இருக்கு. எங்க சித்தி எதுக்கு மழையில நின்னு பொங்கினா?"

சுவாமி காரியம் நடக்கிற இடம், சுத்தம் பார்க்க வேண்டும் என்றேன்.

"அப்ப புதன்கிழமை கரண்ட்காரங்களுக்குக் காபி எங்கன வச்சு போட்டாங்க?"

மேசையிலிருந்த நாளிதழை மடித்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் அதிகாரி விசாரணை நடத்துகிறார். அடுக்களை ஏன் பூட்டியிருந்தது என்பதுதான் கேள்வி. பாகுபாடு என்று பதிவானால் சித்திக்கு நிவாரணம் கிடைக்கும், மண்டபத்திலிருந்து யாரையும் வெளியேற்ற முடியாது என்றாள். "நடந்ததைச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

டிசம்பர் 7, ஞாயிறு

முத்துகுமரன் வந்தான். "சிலிண்டர்ல கேஸ் தீந்துபோச்சு, அதான் பூட்டியிருந்துச்சுன்னு சொல்லிருங்க பெரியம்மா. மண்டகப்படிக்குள்ள மண்டபத்தைக் காலி பண்ணணும். இல்லன்னா பத்திரிகையில ஏறுன உங்க பேரே நாறிப்போகும்."

"அந்தப் பெண்ணுக்கு என்ன வழி?"

"அவ பாத்துப் பொங்கியிருக்கணும்லா?"

டிசம்பர் 9, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சிலிண்டரில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று.

எனக்கு நாற்காலி போட்டார்கள். ஆனந்தவள்ளி கட்டுப்போட்ட கையோடு நின்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. "ஆச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா முந்தின நாள் எனக்குக் காபி மணம் வந்துச்சே" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். காபி மணம் பதிவாகவில்லை. 'சமைத்தவரின் கவனக்குறைவு' என்று பதிவாயிற்று.

டிசம்பர் 10, புதன்

என்ன காரியம் பண்ணிட்டேன். அவ அங்கன நிக்கா, நான் உக்காந்துக்கிட்டு — சீ. வயதைத் தப்பாகப் போட்டதற்குத் திருத்தம் அனுப்பியவள் நான். இதற்கு எந்த மையை எடுப்பது?

டிசம்பர் 14, ஞாயிறு

மண்டபத்தைக் காலி செய்துவிட்டார்கள். எல்லாரையும் லாரியில் ஏற்றிக் கேரள எல்லையோரப் புளியறைக்கு. செக்போஸ்ட் தாண்டித் தகரக் கொட்டகைகள். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஆனந்தவள்ளியின் பழக்கடையும் இங்கேயே கிடக்கின்றன.

டிசம்பர் 16, செவ்வாய்

வாடகைக் காரில் புளியறை போனேன். ஆனந்தவள்ளி இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அருகில் உமாராணி.

"வாங்க ஆச்சி. இங்கன அடுக்களைக்குக் கதவே கிடையாது. பூட்டுற சோலி இல்லை" என்றாள் ஆனந்தவள்ளி.

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள் என்றேன். நான் ஒத்திகை பார்த்துப் போயிருந்தது இதைவிட நன்றாக இருந்தது.

அவள் அரிசியை விட்டுத் தலை நிமிரவில்லை. "பொய்யுன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரிஞ்சவகிட்ட வந்து சொல்லுதீய. எழுதுனவுககிட்டப் போய்ச் சொல்லுங்க."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதை எதிர்பார்த்துத்தான் அவ்வளவு தூரம் போனேனோ?

டிசம்பர் 18, வியாழன்

விசாரணை அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன். "பார்க்கலாம்மா, வீட்டுக்குப் போங்க" என்றார். வீடு திரும்புவதற்குள் முத்துகுமரனுக்குத் தகவல் போய்விட்டது.

"பெரியம்மாவுக்கு வயசாயிட்டு. சாவி இனிமே எங்கிட்ட இருக்கட்டும்." அவனே ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டான்.

டிசம்பர் 28, ஞாயிறு

இன்று மண்டகப்படி. நான் போகவில்லை, யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டுக்குப் பொங்கல் வராத முதல் நாலாம் திருநாள். இட்லி அவித்துக்கொண்டேன்.

நாளை பதிவுத் தபாலில் போகவேண்டிய கடிதத்தின் நகல்:

ஐயா, மண்டப விசாரணையில் சிலிண்டரில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னது பொய். மூன்று அடுப்புகளும் எரியும் நிலையில் இருந்தன. அடுக்களையைப் பூட்டச் சொன்னவள் நான். சுத்தம் காரணமல்ல, தங்கியிருந்தவர்களின் சாதிதான் காரணம். விபத்துக்கு முந்தின நாள் மின்வாரிய ஆட்களுக்காக அதே அடுக்களையைத் திறக்கச் சாவி கொடுத்தவளும் நான். ஆனந்தவள்ளியிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை. காபி மணம் வந்ததாக அவர் சொன்னது உண்மை.

இதைப் பதிவுசெய்து மறுவிசாரணை நடத்துவீர்களா, மாட்டீர்களா என்பதை எனக்கும், புளியறைத் தகரக் கொட்டகையில் கதவிலக்கம் இல்லாமல் வசிக்கும் ஆனந்தவள்ளிக்கும் தெரிவிக்க வேண்டும். 'பார்க்கலாம்' என்று ஒருமுறை வாயால் சொல்லிவிட்டீர்கள். இம்முறை பதிலை எழுத்தில் தரவும்.

— சண்முகசுந்தரி