கைக்கு வராத முகம்

இன்று காலை இந்தியன் இங்க் புட்டியைத் திறந்தேன். கற்பூரமும் கரியும் கலந்த அந்த வாசனை எழுந்ததும், "மூடி வை அம்மணி, தலை வலிக்குது" என்று நீ பக்கத்தில் இருந்து சொன்னது போலிருந்தது. திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன். நீ போய் ஆறு வருடம் ஆகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நீ டிராயிங் டீச்சர். நான் சென்னிமலைப் பெட்ஷீட்டுகளுக்கு டிசைன் போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழிகள் இருவரும் படம் வரைய மேட்டுப்பாளையம் பஸ் ஏறுவோம். எனக்கு மை, உனக்கு வாட்டர்கலர். மைக்கோடு போட்டால் போட்டதுதான்; அதனால் கண்ணால் பார்த்ததை மட்டுமே வரைவேன். நீ தாளை நனைத்து, வண்ணத்தைத் தொட்டு வைத்துவிட்டு, அது எங்கே போகிறதென்று பார்த்துக்கொண்டிருப்பாய். "நம்ம கையில பாதிதான் இருக்குது, மீதியத் தண்ணி பாத்துக்கும்" என்பாய்.

அந்த ஆனி மதியம் பவானி ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. நடு ஆற்றுப் பாறையில் இரண்டு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தன. அவர்களுடைய அம்மா கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் பாறைகளை ஒவ்வொன்றாகக் கோட்டில் பிடித்தேன். உன் தாளை எட்டிப் பார்த்தால், பாறையே இல்லை. கரை முட்டச் செந்நிறத் தண்ணீர்.

"ஏம்புள்ள, பாறையெல்லாம் எங்க?"

"தெரியல அம்மணி. தண்ணி தானா ஏறிப்போச்சு" என்றாய். உன் உதடு வெளுத்திருந்தது.

துணி துவைத்தவளும் வந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். "ஏனுங்க, எம்பட புள்ளைக நிக்கிற கல்லக் காணோமுங்களே" என்றவள், சேலையோடு ஆற்றில் இறங்கி இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு கரையேறினாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, மலையில் பெய்த மழை ஆற்றில் வந்துவிட்டது. அதே செந்நிறம்.



அடுத்த மாதம் அவள் விசாரித்துக்கொண்டு உன் வீட்டுக்கே வந்தாள், கணவரோடு. அவர் மலைப்பாதையில் காய்கறி லாரி ஓட்டுகிறவர். "எங்கூட்டுக்காரரையும் ஒருக்கா வரைஞ்சு பாத்துச் சொல்லுங்க" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ மாட்டேன் என்றாய். அவள் அழுதாள். "வரைஞ்சுதான் குடேன், அவங்களுக்கு ஒரு தைரியம்" என்றேன் நான். சொல்லியிருக்கக் கூடாது.

அவரை ஸ்டூலில் உட்காரவைத்தாய். சட்டை வந்தது, கழுத்து வந்தது, முகம் மட்டும் வரவில்லை. வைத்த வண்ணமெல்லாம் ஒதுங்கி ஓடி, நடுவில் தாள் வெள்ளையாகவே நின்றது. மூன்று தாள் மாற்றினாய். பிறகு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு, "வரலைங்க, மன்னிச்சுக்குங்க" என்றாய். அவள் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதன்பின் நீ வண்ணப்பெட்டியைத் தொடவில்லை. "அந்த மனுசன நான் கொன்னுபோட்டேன் அம்மணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். மார்கழியில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பன்னிரண்டே நாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், "லாரிக்காரர் இருக்காரா, விசாரிச்சியா?" என்றுதான் கேட்டாய். விசாரிக்க எனக்குப் பயம். "நல்லா இருக்காரு" என்று பொய் சொன்னேன். நீ நம்பவில்லை.

போன வாரம் மேட்டுப்பாளையம் மண்டியில் அவரைப் பார்த்தேன். முட்டைக்கோஸ் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருக்கிறது, அவ்வளவுதான். நீ போனதைச் சொன்னேன். மூட்டையைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அவுங்க என்னையப் பாக்கவே இல்லீங்க" என்றார். "எனக்குப் பொறத்தால இருந்த பீரோக் கண்ணாடியில அவுங்க மொகத்தத்தான் பாத்துட்டே இருந்தாங்க."

அவர் இருக்கிறார். நீ யாரையும் கொல்லவில்லை. நான் சொன்ன பொய் பொய்யே இல்லை என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

இப்போது நானும் முகங்கள் வரைகிறேன். சில நாள் எதிரே இருப்பவரின் முகம் கோட்டில் சிக்காது. ஆனாலும் அது வரும்வரை நான் பேனாவைக் கீழே வைப்பதில்லை. அவர்களை எழுந்து போகவும் விடுவதில்லை.