வண்டி இல்லாதவனுக்கும் காப்பீடு

அன்புள்ள மகள் கொரினுக்கு,

இங்கே உன் தம்பியின் லைசென்ஸ் ஒன்றைத் தவிர மற்ற எல்லோரும் எல்லாமும் நலம், அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டேரலின் லைசென்ஸை மறுபடி முடக்கிவிட்டார்கள். இந்தத் தடவை தப்பு அவனுடையது இல்லை, என்னுடையது. ஊரில் யாராவது உனக்குப் போன் போட்டு வேறு மாதிரி சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

அவனுடைய பிக்கப் வண்டி என் டிராக்டர் ஷெட்டுக்குப் பின்னால் எஞ்சின் போய் நின்றதல்லவா, அதற்கு ஒரு வைக்கோல் வியாபாரி மூவாயிரத்து நானூறு டாலர் கொடுத்தான், டேரலும் வித்துடும்மா என்றான், விற்றேன். முப்பது வருடமாக என் பழக்கம் உனக்குத் தெரியும், சாவி கைமாறிய நிமிஷமே காப்பீட்டை நிறுத்திவிடுவேன், ஒரு நாள் கூடுதலாகக் கட்ட மாட்டேன். அவன் காப்பீடு என் கார்டில்தானே போய்க்கொண்டிருந்தது, அன்றைக்கும் அப்படியே போன் போட்டு நிறுத்தச் சொன்னேன். அந்தப் பக்கம் பேசிய பெண், மேடம் இதோட ஒரு எஸ்ஆர்-22 படிவம் இருக்கு, நிச்சயமா நிறுத்தணுமா என்று இரண்டு தடவை கேட்டாள். வண்டியே இல்ல, அப்புறம் காப்பீடு எதுக்கு, என்னை என்ன நேத்துப் பொறந்தவள்னு நினைச்சியா என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் படிவம் வண்டிக்கு இல்லையாம் கொரின், ஆளுக்காம். காப்பீடு இல்லாமல் ஓட்டி ஒரு தடவை மாட்டிக்கொண்டவனுக்காகக் கம்பெனிக்காரன் மாநில அரசுக்கு, இவன் என்னிடம் காப்பீடு வைத்திருக்கிறான் என்று எழுதிக் கொடுப்பது. நிறுத்தினால் அதையும் அவனே எழுதிவிடுவான். எழுதிவிட்டான். மூன்று வாரத்தில் அவன் லைசென்ஸை முடக்கியதாகக் கடுதாசி வந்தது.

பதினாலு மாதம் வக்கீலோடு அலைந்து, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளிக்கிழமை தானே ஓட்டிக்கொண்டு போய்த் தன் மகள் மேசியை அவள் அம்மா வீட்டிலிருந்து அழைத்து வரலாம், லைசென்ஸ் செல்லுபடியாக இருக்கும்வரை என்று நீதிபதியிடம் வாங்கியிருந்தான். கடுதாசியைப் படித்துவிட்டு, அம்மா, நீ வண்டிய மட்டும் விக்கல, அதோட என்னையும் சேர்த்து வித்துட்ட என்றான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு லோவெல் கடை திறக்கும்போது வாசலில் நின்றேன். பள்ளியில் என் பக்கத்துப் பெஞ்சு, இப்போது காப்பீடு விற்கிறான். ஆர்டித், இத்தனை வருஷமா என்கிட்ட பேரம் பேசுற, ஒரு தடவையாவது பேப்பரைப் படிச்சிருக்கியா என்று கேட்டுச் சிரித்தான். சிரிச்சு முடிச்சியா, விலையச் சொல்லு என்றேன். சொந்த வண்டி இல்லாதவன் பிறர் வண்டி ஓட்டுவதற்கென்று ஒரு காப்பீடு இருக்கிறது, அந்தப் படிவத்தையும் அதனோடு சேர்த்து அனுப்பலாம். மாதம் அறுபத்தொன்று என்றான். ஆறு மாதத்தை மொத்தமாகக் கட்டினால் என்ன என்றேன், நாற்பத்து நான்குக்கு வந்தான். அங்கிருந்தே மேசியின் அம்மா ட்ரிஷுக்குப் போன் போட்டு, அவனுக்குப் பதிலாக நான் வந்து மேசியை அழைத்துப் போகட்டுமா என்று கேட்டேன். விவாகரத்துக்குப் பிறகு என்னோடு அவள் பேசியதே நாலு தடவைதான். நீங்க ஓட்டினா எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, ஆனா அஞ்சு மணின்னா அஞ்சு மணிக்கு வரணும், ஏலத்துல நின்னுட்டு ஆறு மணிக்கு வராதீங்க என்றாள். வெள்ளிக்கிழமைதான் டிராக்டர் ஏலம் என்று அவளுக்கும் தெரியும். வருகிறேன் என்றேன். ஏலம் போனால் போகட்டும், என்னைவிட மட்டமாகப் பேரம் பேசி வாங்குகிறவர்களும் பிழைக்கத்தானே செய்கிறார்கள்.

நீ உன் பழைய காரை விற்றால் லோவெலைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதே. பனி டயரை இந்த மாதமே மாட்டிவிடு, மாப்பிள்ளை நாளைக்கு நாளைக்கு என்பார். ஆப்பிள் பழத்தைக் காய்ச்சி ஆப்பிள் பட்டர் ஆறு பாட்டில் அனுப்பியிருக்கிறேன், இரண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடு. கடவுள் உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். தம்பிக்கு ஒரு போன் போடு, ஆனால் என் பக்கம் பேசாதே, அது எனக்குத் தேவையில்லை.

அவனும் நானும் நேற்று சமையலறை மேஜையில் பேசி முடித்தது இது. மாதம் நாற்பத்து நான்கு டாலர், முடக்கியதால் அந்தப் படிவத்தின் கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, முழு மூன்று வருடம். பாதி நான் போடுகிறேன் என்றேன். வேணாம், முழுசும் நானே கட்டுறேன், அப்பதான் நிறுத்துற உரிமை உனக்கு இருக்காது என்றான். லைசென்ஸ் திரும்பி வரும்வரை வெள்ளிக்கிழமைகளில் ஓட்டுவது நான், பெட்ரோல் என் செலவு, வரும் வழியில் ரேடியோ மேசியின் இஷ்டம்.

உன் அம்மா,
ஆர்டித்