பெரிய வெள்ளியன்று அடிக்காத மணி

1984 ஏப்ரல் 15, குருத்து ஞாயிறு

காலையில் தூறல். இடுப்பு வலி. தென்னங்குருத்தை ஈரத்தோடே கோயிலுக்குக் கொண்டு போனோம்.

பூசை முடிந்ததும், பெரிய வியாழனன்று பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரின் பெயர்களை ஃபாதர் வாசித்தார். முதல் பெயர் சவரிமுத்து. கடைசிவரை என் பெயர் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக முதல் நாற்காலி என்னுடையது.

ஃபாதரை வெளியே பிடித்துக் கேட்டேன்.

“இந்த வருஷம் நீங்க உக்கார வேணாம் தாத்தா. நான் கழுவுறேன், நீங்க துண்டால தொடைச்சு விடுங்க.”

“அது பீடப்பையன் வேலை ஃபாதர்.”

“வயசு ஏறிக்கிட்டே போவுது. விசுவாசமும் கூட வளரணும்லா?”

இருபத்தொன்பது வயது இவருக்கு. மாவு மூட்டை எழுத்தைப் பார்த்து, பிறகு செபப் புத்தகத்தைப் பார்த்து நானாகவே வாசிக்கக் கற்றபோது இவருடைய அப்பாவுக்கு மீசை முளைத்திருக்காது. சாமியார் வராத ஞாயிறுகளில் தோட்டத்துக்கே செபம் சொன்னவன் நான். வியாழன் போகப்போவதில்லை.

ஏப்ரல் 16, திங்கள்

வெயில். கோழிக்கூண்டுக்குக் கம்பி. மாத்திரை மறந்தேன்.

மருமகள் ஸ்டெல்லா: “சவரி பெரியப்பா கால தொடைக்கணுமேன்னுதான மாமா மொரண்டு புடிக்கிறீங்க?”

குழம்பில் உப்பு அதிகம் என்றேன். அதிகமில்லை.

சவரிமுத்துவோடு பேசிப் பதினோரு வருஷம். கோயில் சாவி அவனிடம். லயத்து வீடுகளில் யார் செத்தாலும் துக்க மணி அடிப்பான். என் மனைவி ரோசம்மாவுக்கு மட்டும் அடிக்கவில்லை. இதை நான் சொல்லாத ஆள் இந்தத் தோட்டத்தில் இல்லை.

ஏப்ரல் 17, செவ்வாய்

செம்பனைக் குலை ஏற்றும் லோரி சத்தம், காலை முழுக்க. முன்பு இங்கே எல்லாம் ரப்பர். நானும் ரோசம்மாவும் வாளியோடு பக்கத்துப் பக்கத்து நிரையில். அவள் மாதா பாட்டுப் பாடிக்கொண்டே பாலுக்கு மரப்பட்டை வெட்டுவாள். அடுத்த நிரையிலிருந்து சவரி வேண்டுமென்றே ராகம் தப்பிக் கூடப் பாடுவான்.

“ஐயோ அண்ணே, ஒங்க பாட்டக் கேட்டா மரம் பாலே தராது!”

அந்தச் சிரிப்பு.

அப்போது கோயிலுக்கு அத்தாப்பு ஓலைக் கூரை. மழை வந்தால் பாதிப் பூசையில் எல்லோரும் ஒரு பக்கமாக ஒதுங்குவோம். மணியை ஜெராம் பட்டணத்திலிருந்து சைக்கிளில் கட்டிக் கொண்டு வந்தவர்கள் நானும் சவரியும்தான். வழியெல்லாம் அது அடித்துக்கொண்டே வந்தது. ஐஸ்காரன் என்று நினைத்து மலாய்க் கம்பத்துப் பிள்ளைகள் காசோடு ஓடி வந்தார்கள்.

ஏப்ரல் 19, பெரிய வியாழன்

போனேன். ஸ்டெல்லா சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டாள், வேறென்ன செய்வது.

வழக்கம்போல எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார்கள். ஒருவர் காலில் பவுடர்கூட. சவரி மட்டும் காலுறையோடு.

“வேணாம் ஃபாதர். அடுத்த ஆளுக்குப் போங்க.”

ஃபாதர் என்னைப் பார்த்தார். முட்டி போட்டேன். காலுறையை நானே கழற்றினேன். மூன்று விரல் இல்லை. சர்க்கரை வியாதி. ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று தெரியும். போய்ப் பார்க்கவில்லை.

ஃபாதர் தண்ணீர் ஊற்றினார். பயந்து பயந்து துடைத்தேன்.

“வலிக்குதா?” பதினோரு வருஷத்தில் முதல் வார்த்தை.

“கூச்சமா இருக்கு மச்சான்.”

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

ஏப்ரல் 20, பெரிய வெள்ளி

மரக்கட்டை தட்டிக் கூப்பிட்டார்கள். நேற்றுப் பூசையிலிருந்து நாளை ராத்திரி பாஸ்கா பூசை வரை மணி அடிக்கக் கூடாது. அது சட்டம்.

இதை எழுதிவிட வேண்டும். ரோசம்மா செத்ததும் ஒரு பெரிய வெள்ளியில்தான். சவரி சாவியோடு என் வாசலில் வந்து நின்றான். “மச்சான், அடிக்கவா?” என்று கேட்டான்.

“இன்னைக்குக் கூடாது” என்று சொன்னவன் நான். சட்டம் தெரிந்தவன்.

மறுநாள் அவளைப் புதைத்துவிட்டு வந்த பிறகுதான் நெஞ்சு பொறுக்கவில்லை. அவன் என்னைக் கேட்காமலே அடித்திருக்க வேண்டும் என்று கோபம். போகப் போக, அவன் வந்து கேட்டதை விட்டுவிட்டு மீதியை மட்டும் ஊருக்குச் சொன்னேன். பிறகு எனக்கே அதுதான் நடந்தது போல ஆகிவிட்டது. இல்லை, பொய். ஒவ்வொரு முறை சொன்னபோதும் தெரியும்.

அவன் ஒரு நாளும் மறுக்கவில்லை.

ஏப்ரல் 21, சனி

மழை. சவரி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவியும் மகனும் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்.

மகன் எழுந்தான். “எங்கப்பாவ ஊரே கேவலமா பேசுச்சு, தெரியுமா?” வெளியே போய்விட்டான். மழையில்.

“ஏன்டா நீ சொல்லல?” என்று சவரியைக் கேட்டேன்.

“பொண்டாட்டி செத்து அழுதுகிட்டு நின்னவன் சொன்னத எதுக்கு ஊருக்குச் சொல்லணும்? ஒக்காரு மச்சான், தேத்தண்ணி ஆறுது.”

உட்கார்ந்தேன். குடித்தேன். நாளைக்கு ஈஸ்டர் பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்லப்போகிறேன் என்றேன்.

“சும்மா இருலா. கெழட்டு வயசுல எதுக்கு இந்த அசிங்கம்?”

சொல்வேன். இதில் அவன் பேச்சைக் கேட்கப்போவதில்லை.