சேவியர் மச்சானின் பெடலும் என் மீன் எண்ணெயும்

என் உயிர் மச்சான் சேவியருக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இத்தனை நாள் கழித்து எழுதுகிறவன் நல்ல வார்த்தை சொல்லித் தொடங்க வேண்டும். என்னால் முடியவில்லை. சீ! உன் டிரம் பெடலைச் சாக்கிலிருந்து வெளியே எடுத்த அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதைவிட அசிங்கமான ஒன்றும் இருக்கிறது. அது உன்னுடையது இல்லை, என்னுடையது. பொறு, வருகிறேன்.

என் மகள், உன் ஞானமகள் ஜெனி டிரம் வாங்கியிருக்கிறாள். நீ வாசித்தது மாதிரி பெரிய செட் இல்லை. நம் கோவிலில் பாட்டுக்குழு நிற்கிற மாடிக்கு ஏறும் படி உனக்குத் தெரியாததா? நீயும் உன் பெரிய டிரம்மும் ஒருநாள் அதன் நடுவில் சிக்கிக்கொண்டு, நான் கீழிருந்து தள்ள, பூசை தொடங்கிய பிறகும் நீ வெளியே வரவில்லை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள், சின்னதாகப் பார்த்து வாங்கினாள். காலால் அடிக்கிற பேஸ் டிரம் நம் வீட்டு இட்லிக் கொப்பரையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

அதோடு வந்த பெடல் ஒரே வாரத்தில் வளைந்துவிட்டது. திருவிழாவோ நெருங்கிவிட்டது. பாட்டு வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார்: சனிக்கிழமை ஒத்திகையில் அடித்துக் காட்ட வேண்டும், சரியாக இருந்தால் திருவிழாப் பூசைக்கு அவள் வாசிக்கலாம், இல்லையென்றால் கீபோர்டில் பதிந்து வைத்த தாளமே போதும். நம் கோவில் மாடியில் இதுவரை ஒரு பெண் டிரம்மில் உட்கார்ந்ததில்லை. அவள் உன் வீட்டுக்கு ஓடினாள். உன் வீட்டுக்காரி, தங்கச்சி ரோஸ்லின், ஒரு சாக்கைக் கொடுத்தனுப்பினாள்.

உன் பழைய கைலியில் சுற்றி, உன் கருவாட்டுக் கொட்டகையின் மூலையில் கிடந்ததாம். பிரித்தேன். துரு. கரப்பான் முட்டை. ஸ்பிரிங்குக்கு நடுவில் ஒரு முழு நெத்திலி, கண்ணோடு. கால் வைக்கிற தட்டில் உன் வேர்வையும் மண்ணும் ஏறி, ஐந்து விரலும் குதிகாலும் கறுப்பாக அச்சுப் பதிந்திருந்தன. உயிரோடு இருந்தபோது ஒருநாளாவது காலைக் கழுவிவிட்டு மிதித்திருந்தால் என்ன மச்சான்?

"த்தூ, இதை எப்படித் தாயி கையால தொடுற?" என்றேன்.

"மாமா காலுப்பா" என்றாள். தன் பாதத்தை அந்த அச்சின் மேலேயே வைத்துப் பார்த்தாள். இரண்டு விரல்கடை குறைந்தது. "தட்டைக் கழுவிராதீங்க. துருவை மட்டும் எடுங்க."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாற்றம்தான் காரணமா? தெரியவில்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் என் திறமையைக் காட்டத் தொடங்கினேன். உப்புக்காற்றுக்கு நாம் எதைத் தடவுவோம்? வள்ளத்துக்கென்று வைத்திருந்த மீன் எண்ணெயை எடுத்து ஸ்பிரிங், கம்பி, ஆணி என்று ஒரு இடம் விடாமல் பூசினேன். பெடலுக்கு முன்பக்கம் ஒரு வாய் இருக்கிறது, அது டிரம்மின் வளையத்தைக் கவ்வ வேண்டும். வளையம் மெல்லிசு, வழுக்கியது. பிய்ந்த செருப்பின் ரப்பரை நறுக்கி இடையில் செருகினேன். கவ்வியது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை தோற்றுப்போன நான் அந்த நிமிடம் என்ஜினியர் ஆகி மீசையைத் தடவினேன், அதே எண்ணெய்க் கையால்.

மிதித்தால் கம்பி நுனியிலிருக்கிற உருண்டை டிரம் தோலின் நடுவில் விழ வேண்டும். டிரம்மோ குட்டை, உன் கம்பியோ நெட்டை. உருண்டை மேல் விளிம்பில் போய் 'டொக்' என்றது. கம்பியைக் கீழே இறக்கினேன், அதன் வால் கால்தட்டில் இடித்தது. அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ரம்பத்தை எடுத்தேன். ஆமாம் மச்சான். நீ பதினெட்டு வருசம் அடித்த கம்பியை நான் அறுத்தேன்.

சனிக்கிழமை மாலை ஒத்திகை. அறுத்த கம்பிக்கு வீச்சே இல்லை. ஈரச் சாக்கைத் தட்டியது போல ஒரு சத்தம். ஒவ்வொரு மிதிக்கும் எண்ணெய்த் துளி தெறித்து டிரம்மின் வெள்ளைத் தோலில் விழுந்தது, ஜெனியின் சுடிதாரில் விழுந்தது. மாடி முழுக்க நாற்றம். எங்கிருந்தோ ஈ வந்தது. பாட்டு வாத்தியார் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார்.

"ஏலே அருளப்பா, இது பாட்டுக்குழுவா, கருவாட்டுப் பேட்டையா? பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப்பா இந்த உதைக்கிற வேல? வீட்டுல மீன் கழுவச் சொல்லு, நாத்தம் அங்கனயே இருக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானம் சீலா மீன் குழம்பை வழித்துத் தின்றுவிட்டு வந்த மனிதர் மீன் வாடைக்கு மூக்கைப் பொத்துகிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் சிரித்தேன். என் மகள் முகத்துக்கு எதிரே, பல் தெரிய இளித்தேன்.

நான் சொல்ல வந்த அசிங்கம் இதுதான். உன் ஸ்பிரிங்கில் செத்துக் கிடந்த அந்த நெத்திலி என்னைவிடச் சுத்தம்.

அவளும் நானும் வீடு வந்தோம். டிரம்மை இறக்கி வைத்துவிட்டுத்தான் அறுத்த கம்பியைப் பார்த்தாள்.

"டிரம்மைத் தூக்கி வச்சிருக்கலாம்ல? அடியில ஒரு பலகை. அம்புட்டுத்தானேப்பா."

"எனக்குத் தோணல தாயி."

"சரி, அது தோணல. சிரிக்க மட்டும் எப்படித் தோணுச்சு?"

நீ இருந்திருந்தால் வாத்தியாரிடம் என்ன சொல்லியிருப்பாய்? உனக்குப் பயந்து அவர் அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டார், இல்லையா?

திங்கட்கிழமை படகு என்ஜின் பார்க்கிற லேத்துக்காரரிடம் போனேன். உன் பழைய நீளத்துக்கே புதுக் கம்பி போட்டு, உன் உருண்டையை அதில் மாட்டிக் கொடுத்தார். டிரம்முக்கு அடியில் கனமான பலகை, பலகையின் முன்னால் நாக்கு மாதிரி ஓர் இரும்புப் பட்டை. பெடலின் வாய் இப்போது அந்தப் பட்டையைக் கவ்வுகிறது. செருப்பு ரப்பருக்கு வேலை இல்லை. மண்ணெண்ணெய், சோப்புத் தூள், எலுமிச்சை என்று மூன்று தடவை கழுவினேன், கால்தட்டைத் தவிர. மிதித்துப் பார்த்தேன். உருண்டை நட்ட நடுவில் விழுந்தது.

ஆனால் அவள் அடுத்த ஒத்திகைக்கு வர மறுத்துவிட்டாள். "நான் வாரேன்னு சொல்லலயே. நீங்களே போய்ச் சிரிச்சிட்டு வாங்க."

புதன்கிழமை நான் மட்டும் டிரம்மைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். முட்டி இடித்தது. எல்லோரும் இருந்தார்கள். வாத்தியார் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, அன்னைக்கு நாறுனது எண்ணெய். அதைத் தடவுனது நான். நீங்க சொன்னதுக்குச் சிரிச்சதும் நான். ரெண்டும் எனக்கே நாறுது. புள்ளைய அடிக்கச் சொல்லிக் கேளுங்க. பிடிக்கலன்னா அடி சரியில்லன்னு சொல்லுங்க. பொம்பளப் புள்ளன்னு சொல்லாதீங்க."

"இப்பவும் நாறத்தான் செய்யிது" என்று கைக்குட்டையை எடுத்தார்.

"மூக்கைப் பொத்துங்கண்ணே. காதைப் பொத்தாதீங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பின்னால் படியில் சத்தம் கேட்டது. ஜெனி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. செருப்பைக் கழற்றிவிட்டு, உன் அச்சின் மேல் காலை வைத்தாள்.

தும்.

மாடிப் பலகை வழியாக அது என் உள்ளங்காலுக்கு ஏறியது. உன் சத்தம் என்று சொல்ல மாட்டேன், உன்னுடையது இன்னும் முரட்டுத்தனம். பாட்டு பாதி போவதற்குள் வாத்தியார் கைக்குட்டை பிடித்த கையாலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தார், மூக்கு திறந்து கிடந்தது. முடிந்ததும் என்னைப் பார்த்து, "திருவிழா அன்னைக்கு அந்தப் புள்ளைய வெள்ளனமே வரச் சொல்லு" என்றார்.

"நான் இங்கனதான சார் இருக்கேன்? என்கிட்டயே சொல்லுங்க" என்றாள் ஜெனி.

தொண்டையைச் செருமிக்கொண்டு அவளிடமே சொன்னார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் குமட்டுகிறது. என்னை நினைத்தால் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நாளை திருவிழாப் பூசை. உன் அழுக்கை நான் கழுவவில்லை மச்சான். அதைத் தேய்க்க அவள் கால் இருக்கிறது. அறுத்த கம்பித் துண்டு என் சட்டைப் பையில் கிடக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியோடு அதையும் கொண்டுவந்து உன்னிடம் ஒப்படைக்கிறேன், அப்போது நேரில் திட்டிக்கொள். இனி யார் என் மகளைச் சொல்லிச் சிரித்தாலும் இந்த வாய் இளிக்காது. இது சத்தியம்.

உன் ஞானமகளைப் பெற்றவன்,
உன் மச்சான் அருளப்பன்,
பாம்பன்.